ட்ரிம்மர் வாங்கும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சமையலறை அலமாரிக் கதவில் முதலில் கை படுகிற இடம் விளிம்பு. மேலே ஒட்டிய ஷீட் எவ்வளவு விலையானாலும், ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் வேலை மட்டம் என்றுதான் வீட்டுக்காரர் சொல்வார். அந்த ஓரத்தைச் சீவித் தருவது ட்ரிம்மர் என்று நம் பட்டறைகளில் பெயர் பெற்ற சின்ன ரூட்டர். அதை வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணைப் பார்க்கிறார்கள். வெட்டும் பிட்டைப் பிடித்து நிற்கும் விரல் நுனி அளவுக் கோலெட்டைக் கழற்றிப் பார்ப்பவர் குறைவு.

முதலில், சீவப்படும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் முழுக்க இதை மைக்கா என்கிறோம். இதில் மைக்கா, அதாவது அப்பிரகம், துளியும் கிடையாது. 1913இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தொடங்கிய ஃபார்மிக்கா நிறுவனம், மின்காப்புக்குப் பயன்பட்ட அப்பிரகத்துக்கு மாற்றாக ஒரு பொருளைச் செய்தது. ‘மைக்காவுக்குப் பதில்’ என்ற பொருளில்தான் அந்தப் பெயரே வந்தது. பீனாலிக் பிசினில் ஊறிய பழுப்புத் தாள் பல அடுக்கு, மேலே மெலமைன் பிசின் ஏறிய வண்ணத் தாள், எல்லாம் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகி 1 மில்லிமீட்டர் தகடாகிறது. மரத்துக்கு உள்ள நெகிழ்வு இதற்கு இல்லை. மழுங்கிய பிட் பட்டால் தெறிக்கும். சாதாரண எஃகு பிட்டை வெகு சீக்கிரம் தின்றுவிடும். கார்பைடு முனை வைத்த பிட் தவிர வேறெதையும் இதற்கு எடுக்கக் கூடாது.

“வாட் கூடினால் வெட்டு சுத்தமாக இருக்கும்.”

அதிகம் கேட்கிற நம்பிக்கை இது; அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். மகிட்டா 3709 மாடல் 530 வாட், போஷ் ஜிகேஎஃப் 550 மாடல் 550 வாட். ஒட்டிய ஷீட்டில் இரண்டு மூன்று மில்லி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவ இதுவே தாராளம். பெட்டியில் போட்டிருப்பது மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. பிட் எவ்வளவு நேராகச் சுழல்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் நொடிக்கு 500. இரண்டு வெட்டுமுனை உள்ள பிட் நொடிக்கு ஆயிரம் முறை வெட்டுகிறது. கை நொடிக்கு 5 சென்டிமீட்டர் நகர்ந்தால், ஒரு வெட்டு எடுக்கும் சீவல் 0.05 மில்லிமீட்டர். எழுதும் தாளின் தடிமனில் ஏறக்குறையப் பாதி! பிட் அச்சிலிருந்து அதே அளவு ஆடினாலும், ஒரு முனை மட்டும் வெட்டும், மற்றது காற்றில் சுழலும். வெட்டுகிற முனை சீக்கிரம் மழுங்கும், ஓரத்தில் அலை அலையாகத் தடம் விழும், கைக்கு அதிர்வு ஏறும். 700 வாட் மெஷினாக இருந்தாலும் இந்த ஆட்டத்தை மோட்டார் மறைத்துவிடாது.

ஆகவே கடையில் பார்க்க வேண்டியது இதை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நல்ல பிட் ஒன்றைப் பொருத்திக் கையால் சுற்றுங்கள். பிட் ஓரத்துக்கும் அருகில் நிறுத்திய ஒரு விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி சுற்றும்போது மாறுகிறதா என்று பாருங்கள். மெஷினின் சுழல் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் துளியும் ஆடக் கூடாது. அடித்தட்டின் மேல் மூலைமட்டம் வைத்து, பிட் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஆழத்தைச் சரிசெய்து பூட்டும்போது அளவு நழுவுகிற மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

“கால் அங்குலமும் ஆறு மில்லியும் ஒன்றுதான்.”

இல்லை. கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர். 6 மில்லி பிட் 6.35 கோலெட்டுக்குள் நுழையும், நட்டும் இறுகியதுபோல் தெரியும். ஆனால் கோலெட் பிட்டின் தண்டை முழு நீளத்துக்கும் பிடிக்காது. பளு ஏறியதும் பிட் மெல்லக் கீழே இறங்கி ஆழத்தைக் கெடுக்கும். மோசமாகப் போனால் கழன்று பறக்கும். இரண்டு அளவு பிட்டும் நம் கடைகளில் கலந்தே கிடைப்பதால், இதில் கவனம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தண்டு குறைந்தது 20 மில்லி உள்ளே இருக்கட்டும். அடிவரை தள்ளி, இரண்டு மூன்று மில்லி வெளியே இழுத்து இறுக்குங்கள். பிட் இல்லாமல் நட்டை முறுக்கி இறுக்கினால் கோலெட் நசுங்கி வடிவம் இழக்கும்.

“வேகம் கூடக்கூட விளிம்பு வழுவழுப்பாகும்.”

லேமினேட் எனும் இந்த ஷீட்டுக்கு ஓரளவு உண்மை. பலகை ஓரத்தில் ஒட்டும் பிவிசி எட்ஜ் பேண்டில், மெஷின் ஒரே இடத்தில் தயங்கினால் அது உருகி பிட்டில் ஒட்டும். பிட்டின் அளவும் முக்கியம்: அதே 30,000 சுற்றில் 12 மில்லி பிட்டின் வெளிவிளிம்பு நொடிக்கு 19 மீட்டர் ஓடும். 40 மில்லி பிட்டில் அது 63 மீட்டர். பிட் பெருக்கப் பெருக்க வேகத்தைக் குறைத்தாக வேண்டும். எட்ஜ் பேண்ட் வேலை நிறைய வருகிறவர்கள் மகிட்டா ஆர்டி0700சி போல 10,000 முதல் 30,000 வரை மாற்றக்கூடிய மெஷின் எடுப்பது நல்லது. ஷீட் ஓரம் மட்டும் சீவுகிறவருக்கு ஒரே வேக மெஷின் போதும், அதற்குமேல் செலவு வேண்டாம்.

“பிட்டில் பேரிங் இருக்கிறது, ஓரம் கெடாது.”

பளபளப்பான ஷீட்டில் நீளமாகக் கறுப்புக் கோடு விழுந்த கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். பலமுறை பழி ஷீட்டின் மேல் போகிறது. காரணம் பெரும்பாலும் ரப்பர் பசை. அது பேரிங்கில் புகுந்து இறுகியதும் பேரிங் நின்று, பிட்டோடு சேர்ந்து அதே வேகத்தில் சுழன்று ஷீட்டைத் தேய்த்துக் கருக்கும். ஒவ்வொரு கதவு முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேரிங்கைக் கையால் உருட்டிப் பாருங்கள், பசையைத் துடையுங்கள். சாணை பிடித்த பிட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. வெட்டுமுனை தேய்ந்து சிறுக்கும், பேரிங் பழைய அளவிலேயே இருக்கும். ஓரத்தில் மயிரிழை அளவு ஷீட் மீந்து நின்று கையைக் கீறும்.

சாய்வையும் பேரிங் தடுக்காது. அடித்தட்டில் பாதிக்கு மேல் காற்றில் நிற்கும்போது மெஷின் ஒரு டிகிரி சாய்ந்தாலும், 19 மில்லி தடிமனுக்கு 0.33 மில்லி விலகிவிடும். குறுகிய விளிம்பில் வேலை செய்யும்போது பக்கத்தில் இன்னொரு பலகையைச் சேர்த்துக் கிளாம்ப் போடுவதே வழி. விளிம்பு உங்களைப் பார்த்து இருந்தால் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். எதிர்த்திசையில் போனால் பிட் மெஷினை இழுத்துக்கொண்டு ஓடும்.

“பேட்டரி மெஷின் விளையாட்டுச் சாமான்.” ஒரு காலத்தில் அப்படி நினைக்க நியாயம் இருந்தது. பிரஷ்லெஸ் மோட்டார் வந்தபின் 18 வோல்ட் மெஷின்களும் 30,000 சுற்றைத் தொடுகின்றன. மின் இணைப்பு வராத புது வீடுகளில் இவைதான் கைகொடுக்கும்.

“ஒரு ட்ரிம்மர் போதும், மொத்த அலமாரியும் முடியும்.” முடியாது. பின்பலகைக்கான 6 மில்லி காடியை இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி எடுக்கலாம். கனமான மரத்தில் பெரிய விளிம்பு வடிவங்களுக்கு அரை அங்குலக் கோலெட் உள்ள பெரிய ரூட்டர்தான் வேண்டும்.

என் தீர்ப்பு இது: கையில் இருக்கும் பணத்தில் நடுத்தர மெஷினை எடுத்து, மிச்சத்தை நல்ல கார்பைடு பிட்டுகளுக்கு ஒதுக்குங்கள். கோலெட்டும் பேரிங்கும் தேய்ந்து தீர்கிற சாமான்கள். அவை தனியாக உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள்.