குடிநீர்ச் சாதனம் வாங்குமுன்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நீரைச் சுத்தம் செய்யும் சாதனம் விற்காத கடைவீதி இன்று இல்லை. தறியிலும் வயலிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு அதில் ஒன்றை வாங்க எண்ணும் அங்கத்தினர் முதலில் அறிய வேண்டுவது சாதனத்தின் விலையை அன்று. தம் வீட்டு நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதையே. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவார் உண்டோ?

நம் மாவட்டமும் அண்டையிலுள்ள தருமபுரியும் பெரும்பாலும் பாறை நிலம். பாறையிடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் பாறையிலுள்ள ஃபுளோரைடு என்னும் பொருள் கரைகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி, குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை அது இருக்கலாம். வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம். அதற்கு மேற்பட்ட நீரைப் பற்கள் உருவாகும் பருவத்தில், அதாவது சுமார் 8 வயதுக்குள், குழந்தைகள் பருகி வந்தால் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறையும் விழும். துலக்கினால் போகாத கறை அது. மிகுந்த அளவில் பல ஆண்டுகள் பருகியவர்க்கு மூட்டுகளும் முதுகெலும்பும் விறைத்துப் போகும். தறிக்குழியில் அமர்ந்து உழைப்பவருக்கு இது பிழைப்பையே பறிப்பதாகும்.

ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் கிணறுகளில் காணும் அளவில் சுவையுமில்லை. "எங்கள் கிணற்று நீரில் சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு வேகிறது, ஆகவே நல்ல நீர்" என்று நம் தாய்மார் கூறுவதுண்டு. கடினத் தன்மையைப் பொறுத்த வரையில் அச்சோதனை சரியே. சாயமிடுவோரும் அதை அறிவர். ஃபுளோரைடு விஷயத்திலோ அது ஏமாற்றிவிடும். நீரில் சுண்ணச்சத்து மிகுந்திருந்தால் அது ஃபுளோரைடுடன் கூடி ஓரளவு படிந்துவிடும். சுண்ணம் குறைந்த மென்னீரில் ஃபுளோரைடு தடையின்றிக் கரைந்து நிற்கும். நன்கு நுரைக்கும் நீரிலேயே தீங்கு மிகுந்திருத்தல் கூடும்.

வீடு தேடி வரும் விற்பனையாளர் சிலர் காட்டும் வித்தை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் நீரில் இரும்புக் கம்பிகளை இட்டு மின்சாரம் பாய்ச்சுவர்; நீர் செம்பழுப்பாகக் கலங்கும். "இதையா பருகுகிறீர்கள்?" என்பர். அந்நிறம் கம்பியின் இரும்பு கரைந்து வந்த துருவே அன்றி வேறன்று. அவர்களுடைய நீரில் உப்பு மிகக் குறைவாதலின் மின்சாரம் எளிதில் செல்வதில்லை. ஆகவே அது தெளிவாக நிற்கிறது. அவர்கள் கையிலுள்ள டி.டி.எஸ். மானியும் கரைந்த உப்புகளின் மொத்தத்தையே ஏறத்தாழக் காட்டும். ஃபுளோரைடைத் தனித்துக் காட்டாது.

ஆகவே ஆய்வகச் சோதனையே வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டங்களில் நீர் ஆய்வகங்களை நடத்துகிறது. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அந்நீராலேயே மும்முறை அலசி, நிரப்பிக் கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்தில் தரும் புட்டியையே பயன்படுத்துக. ஒரே கிணற்று நீரைப் பருகும் பத்து வீட்டார் பத்துச் சோதனை செய்ய வேண்டுவதில்லை. கூட்டாக ஒன்று போதும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஃபுளோரைடுத் தீங்கைக் குறைப்பதே அதன் முக்கிய நோக்கம். காவிரி நீர் மட்டுமே குழாயில் வரும் வீட்டில் விலையுயர்ந்த சாதனம் வேண்டாம். கொதிக்க வைத்து ஆற்றினால் போதும். மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரும் கலக்கப்படுமாயின் குழாய் நீரையே சோதிக்க வேண்டும்.

ஃபுளோரைடு மிகுந்திருப்பின் கொதிக்க வைத்துப் பயனில்லை. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். புற ஊதாக் கதிர்ச் சாதனம் கிருமிகளைச் செயலறச் செய்யும். ஃபுளோரைடை அது தொடுவதில்லை. கடின நீரை மென்னீராக்கும் சாதனமும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. எனப்படும் சவ்வு முறை அதன் பெரும்பகுதியை நீக்கும். அலுமினா வடிகட்டியும் நீக்கும். எனினும் குறித்த அளவு நீர் சென்றபின் அலுமினாவைப் புதுப்பிக்காவிடில் பயன் அற்றுப் போகும். நாகபுரி ஆராய்ச்சி நிலையம் வகுத்த நளகொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளியவைப்பர். செலவு குறைவுதான், ஆனால் படிகாரத்தின் அளவு தவறினால் அலுமினியம் நீரில் தங்கிவிடும். ஆதலின் பயிற்சியின்றி வீட்டில் செய்ய வேண்டாம்.

கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் நுரை பொங்கி வருவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவின் விளைவு அது. ஆலைக் கழிவு கலந்ததென ஐயமுள்ள கிணற்றை எந்த வீட்டுச் சாதனத்தையும் நம்பிப் பருகலாகாது. வேறு நீர் தேடுவதே தக்கது.

சாதனம் வாங்கிய பின் வடித்த நீரைப் பருகுவதற்கு மட்டுமன்றிக் களிக்கும் சோற்றுக்கும் குழம்புக்கும் பயன்படுத்த வேண்டும். பல ஆர்.ஓ. சாதனங்களில் 1 லிட்டர் நல்ல நீருக்குச் சுமார் 3 லிட்டர் கழிவாகும். அதில் ஃபுளோரைடு செறிந்திருக்கும். தரை கழுவலாம், மாட்டுக்கு வைக்கலாகாது. சவ்வு தேய்ந்தாலும் நீர் தெளிவாகவே வருமாதலால், ஆண்டுக்கு ஒரு முறையேனும் வடித்த நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புக.