மாட்டுக்கு இட்ட மருந்து

கேள்வி: என் இளமையில் ஊருக்கு வெளியே தரிசில் மாடு செத்துக் கிடந்தால், எங்கிருந்தோ பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக வந்து இறங்கிவிடும். இப்போது ஒன்றைக்கூடக் காணோம். செல்போன் கோபுரங்களே காரணம் என்கிறார்கள். உண்மைதானா?
— மதுரை மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: கோபுரத்தின்மேல் பழியைப் போடுவது சுலபம்; ஆனால் இந்தப் பறவைகள் மடியத் தொடங்கிய தொண்ணூறுகளின் முற்பகுதியில் நம் கிராமங்களில் அத்தகைய கோபுரம் ஒன்றுகூட எழும்பியிருக்கவில்லை. பிணந்தின்னிக் கழுகு என்று பொதுவாக வழங்கப்பெறும் பாறுகள், அந்நாளில் இந்திய உபகண்டம் முழுவதும் கோடிக்கணக்கில் வாழ்ந்தன. டில்லி மாநகரின் தெருவோர மரங்களிலேயே அவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. அவற்றுள் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது என்னும் நிலைக்கு வந்தது. அதன் உறவினங்களான கருங்கழுத்துப் பாறும் மெல்லிய அலகுப் பாறும் நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்குச் சுருங்கின. பறவையினத்தின் சரித்திரத்தில் இத்தனை பெருங்கூட்டம் இத்தனை விரைவில் நாசமானதற்கு இணையான நிகழ்ச்சிகள் மிகச் சிலவே உண்டு.

ராஜஸ்தானத்தில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் வனத்தில், எண்பதுகளில் பாறுகளின் கூடுகளை நூற்றுக்கணக்கில் எண்ணிக் குறித்துவைத்திருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆராய்ச்சியாளர் விபு பிரகாஷ், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதே மரங்களைத் திரும்பப் பார்வையிட்டபோது, வெறுங் கூடுகளையும், கிளைகளில் சிக்கித் தொங்கிய சடலங்களையும், கழுத்தைத் தாங்கும் சக்தியற்றுத் தலையைக் கவிழ்த்தபடி அமர்ந்திருந்த நோயாளிப் பறவைகளையும் கண்டார். இரைக்குப் பஞ்சமா என்றால், மாடுகள் வழக்கம்போல் செத்துக்கொண்டுதான் இருந்தன. பூச்சிமருந்தோ, புதிதாய் வந்த ஏதோ தொற்றுநோயோ என்று பலவாறு சந்தேகம் எழுந்தது. தொற்றுநோய்தான் என்ற அபிப்பிராயமே சில காலம் வலுத்தும் இருந்தது.

விடை பாகிஸ்தானத்துப் பஞ்சாபிலிருந்து வந்தது. அங்கே லின்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இறந்த பாறுகளை அறுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றின் ஈரல், இருதயம் முதலிய உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. பறவைகள் தம் சரீரக் கழிவைச் சிறுநீரகத்தின் வழியே யூரிக் அமிலமாக வெளியேற்றுபவை; சிறுநீரகம் கெட்டால் அது இரத்தத்தில் தேங்கி, உறுப்புகளின்மேல் உறைந்துவிடும். கெடுத்தது எது? வைரஸ் இல்லை, ஈயமும் பாதரசமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகு, அவர்கள் செய்த காரியம் நம் கவனத்துக்கு உரியது. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, அவ்வட்டாரத்துக் கால்நடை மருந்து வியாபாரிகளிடமும் வைத்தியர்களிடமும் சென்று, மாடுகளுக்கு இப்போது என்னென்ன மருந்து விற்கிறீர்கள், அவற்றுள் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது எது என்று விசாரித்தார்கள். அப்படி அகப்பட்டதுதான் டைக்ளோபினாக் என்னும் வலிநிவாரணி. யூரிக் அமிலம் படிந்து இறந்த 25 பாறுகளைச் சோதித்தபோது 25-லும் அம்மருந்து இருந்தது. வேறு காரணங்களால் மாண்ட 13 பறவைகளில் ஒன்றிலேனும் அது இல்லை. மருந்து ஏற்றிய எருமை, ஆடுகளின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையும் இதையே உறுதிப்படுத்தியது. இம்முடிவு 2004-ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் பிரசுரமாயிற்று.

எழுபதுகளில் மனிதருக்கென்று வந்த அந்த மருந்து, உரிமைக் காலம் முடிந்து விலை சரிந்த பிறகு, தொண்ணூறுகளில் மாட்டுக்கொட்டிலுக்குள் நுழைந்தது. மடிவீக்கத்தால் துடிக்கும் பசுவுக்கும், நொண்டும் உழவு மாட்டுக்கும், கிழடு தட்டிப்போனாலும் அடிமாட்டுக்கு அனுப்ப மனமின்றிக் குடியானவன் காப்பாற்றிவந்த ஜீவனுக்கும், சில ரூபாய்ச் செலவில் வலியைத் தணித்தது அது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துவிட்டால் அதன் மாமிசத்தில் மருந்து தங்கியிருக்கும். ஒரே சடலத்தில் நூறு பாறுகள் வரை கூடி உண்ணும். ஆகவே நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானது நஞ்சாகியிருந்தாலே நாம் கண்ட அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் கொடுமைக்கோ பேராசைக்கோ பெரிய பங்கு இல்லை. மாட்டின்மேல் வைத்த இரக்கமே பறவைக்கு எமனாயிற்று. மருந்தைச் சோதித்தவர்கள் அதை உட்கொள்ளும் பிராணி எது என்று பார்த்தார்களே ஒழிய, அப்பிராணியை உட்கொள்வது எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி: மூட்டுவலிக்கு அதே மாத்திரையைத்தான் நானும் விழுங்குகிறேன். பறவையைக் கொன்றது என்னை விட்டுவைக்குமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அஞ்ச வேண்டாம், அம்மா. மனித சரீரம் டைக்ளோபினாக்கைச் சில மணி நேரத்தில் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. பாறின் சரீரமோ அதை நெடுநேரம் தேக்கிவைத்துக்கொள்கிறது. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு உட்கொள்வதால் பாறுக்கு நேர்ந்த கதி உங்களுக்கு நேராது. அமெரிக்கக் கண்டத்தில் வாழும் ஒருவகைப் பிணந்தின்னிக் கழுகுகூட, நம் பாறுகளைக் கொல்லும் அளவைப் போலப் பன்மடங்கு கொடுத்தும் தாங்கிக்கொள்கிறது என்றால், ஒரு பிராணிக்கு ஔஷதமானது மற்றொன்றுக்கு எவ்வாறு அமையும் என்பதை அனுமானத்தால் சொல்லிவிட முடியாது என்பது விளங்கும்.

அதற்காகக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீடித்த உபயோகத்தால் இரைப்பையில் புண் உண்டாகலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் இது ஏற்றதன்று. உங்கள் மருந்துச்சீட்டு எத்தனை நாள் பழையது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிணம் தின்னும் அருவருப்பான பறவை. அது போனதால் மனிதனுக்கு என்ன நஷ்டம்? புலியைக் காப்பாற்றுங்கள், மயிலைக் காப்பாற்றுங்கள். இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?
— சென்னைக் கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, நீ அருவருப்பு என்று தள்ளும் அந்தத் தொழிலைச் செய்ய இன்று யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார். வழுக்கைத் தலையும் மயிரற்ற கழுத்தும் சடலத்தின் உள்ளே நுழைந்து உண்பதற்கு ஏற்ற உறுப்புகள். பாறின் இரைப்பை அமிலம், அழுகிய ஊனில் பெருகும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிடும் உக்கிரம் வாய்ந்தது. ஒரு கூட்டம் இறங்கினால் முழு மாடும் ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளெலும்பாகிவிடும். அந்த எலும்பைப் பொறுக்கி உரத்துக்கும் தொழிற்சாலைக்கும் விற்றுப் பிழைத்தவர்கள் வட நாட்டில் ஏராளம். பாறுகள் போனபின் அவர்கள் பிழைப்பும் போயிற்று. தம் இறந்தோரை அமைதிக் கோபுரங்களில் பாறுகளுக்கு அளித்துவந்த பம்பாய்ப் பார்சிகள், உடலை உலர்த்தச் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை நிறுவ வேண்டியதாயிற்று. ஒரு சமூகத்தின் அந்திமக் கிரியையையே மாட்டு மருந்து ஒன்று மாற்றிவிடும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

காலியான பந்தியில் வந்து அமர்ந்தவை நாய்கள். பிகானீரை அடுத்த ஜோர்பீர் போன்ற சடலக் கிடங்குகளில் அவை கூட்டம் கூட்டமாகப் பெருகின. பாறு நோயைத் தன் வயிற்றோடு முடித்துவிடும். நாயோ அதை ஊருக்குள் கொண்டுவரும். உலகில் வெறிநாய்க்கடி நோயால் மாள்வோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்களே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1992-க்குப் பின் பெருகிய நாய்களால் ஏற்பட்ட கூடுதல் ரேபிஸ் மரணங்கள் சுமார் 47,000 இருக்கலாம் என்று 2008-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டது.

இதைவிடத் திகைப்பூட்டுவது 2024-இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' வெளியிட்ட ஆய்வு. ஏயல் பிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளாதார நிபுணர் இருவர், பாறுகள் வாழ ஏற்ற ஜில்லாக்களையும் ஏலாத ஜில்லாக்களையும் பிரித்து, டைக்ளோபினாக் பரவுவதற்கு முன்னும் பின்னும் அவற்றின் இறப்பு விகிதங்களை ஒப்பிட்டார்கள். முன்னர் இரண்டும் இணையாகச் சென்றன. பின்னர், பாறுகளை இழந்த ஜில்லாக்களில் மட்டும் மரணம் நூற்றுக்கு நான்குக்கு மேல் உயர்ந்தது. 2000 முதல் 2005 வரை இவ்வாறு கூடுதலாக மாண்டவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் என்பது அவர்கள் முடிவு. நாய்க்கடி மட்டுமன்று, நீர்நிலைகளில் தள்ளப்பட்ட சடலங்களும் அவற்றால் கெட்ட குடிநீரும் இதில் சேரும். இது சுடுகாட்டுப் பதிவேட்டில் பெயர் பெயராக எண்ணியதன்று, புள்ளிவிவர அனுமானமே என்பதை நீ நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அந்த எண்ணிக்கையைப் பாதியாக வெட்டிப் பார், பத்தில் ஒன்றாக வெட்டிப் பார், அப்போதும் உன் கேள்வியை நீ மறுபடி கேட்பாயா என்பது சந்தேகமே. புலியையும் மயிலையும் நேசிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அழகைப் பார்த்து அனுதாபத்தைப் பங்கிடுவதில்தான் ஆட்சேபம்.

கேள்வி: திருக்கழுக்குன்றத்து மலையில் தினமும் உச்சி வேளையில் வந்து குருக்கள் கையால் அமுதுண்ட கழுகுகள் வராமற்போனதும் இம்மருந்தால்தானா?
— செங்கற்பட்டு வாசகர்

பதில்: அவை வெண்ணிறமும் மஞ்சள் முகமும் கொண்ட சிறு பாறு இனம். தொண்ணூறுகளின் இறுதியோடு அவற்றின் வரவு நின்றது. அவ்வினமும் அக்காலத்தில் நாடெங்கும் வெகுவாகக் குறைந்தது உண்மை. எனினும் ஒரு ஜோடிப் பறவை ஓரிடத்துக்கு வராததை மட்டும் வைத்துக்கொண்டு, சடலத்தைச் சோதிக்காமல், இன்னதே காரணம் என்று கூறுவது விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது. கலியுகத்தின் அடையாளம் என்று கூறும் பக்தர்களோடு வாதிட எனக்கு விருப்பமும் இல்லை.

கேள்வி: மாயாற்றுப் பக்கம் எங்கள் ஊர். கறவை மாடு நாலு வைத்திருக்கிறேன். மாடு வலியில் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பறவைக்காக மாட்டைச் சாகவிடச் சொல்கிறீர்களா?
— நீலகிரி மாவட்ட விவசாயி

பதில்: அப்படிச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, ஐயா. மாட்டின் வலியைத் தீர்க்கப் பாறுகளுக்குத் தீங்கற்ற மருந்துகள் இருக்கின்றன. மெலாக்சிகாம் என்பது 2006-லேயே பாறுகளுக்குக் கொடுத்துச் சோதித்துத் தேறியது. டால்பினாமிக் அமிலமும் அத்தகையதே. உங்கள் கால்நடை வைத்தியரிடம் இவ்விரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய அவசியம் இருக்கிறது. மாடுகளுக்கு டைக்ளோபினாக் கொடுப்பதை இந்திய அரசு 2006-இல் தடை செய்தது. தடை வந்தபின் நடந்தது என்னவென்றால், மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டிலுக்குப் போயின. ஒரு மனிதனுக்கு ஒருவேளைக்கு வேண்டியது 3 மில்லிலிட்டரே, மாட்டுக்கோ அதைப்போலப் பல மடங்கு வேண்டும் என்பதால், ஊசிமருந்துக் குப்பி 3 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என்று 2015-இல் விதித்தார்கள். அதற்குள் கீட்டோபுரோபேன், அசிகுளோபினாக் என்று வேறு மருந்துகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. அசிகுளோபினாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுவது. இவ்விரண்டும் 2023-இல் தடை செய்யப்பட்டன. பின்னர் நிமசுலைடும் தடைக்குள் வந்தது. ஒவ்வொரு மருந்தையும் பறவைகள் செத்த பிறகு விலக்குவதற்குப் பதிலாக, கால்நடைக்கு வரும் எந்த வலிநிவாரணியையும் பாறுகளுக்கு ஏற்றதா என்று சோதித்த பின்னரே விற்பனைக்கு விடவேண்டும் என்பது இத்துறையினரின் கோரிக்கை. அது நியாயமானது என்றே நினைக்கிறேன்.

உங்கள் ஊரைக் குறித்து ஒரு வார்த்தை. விந்தியத்துக்குத் தெற்கே பாறுகள் இன்றும் கூடுகட்டிப் பெருகும் மிகச் சில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. வெண்முதுகுப் பாறுகள் உங்கள் ஆற்றோரத்து நீர்மருத மரங்களில்தான் குஞ்சு பொரிக்கின்றன. ஆண்டுக்கு ஒரே முட்டை. அக்குஞ்சு வளர்ந்து தான் கூடு கட்டச் சுமார் ஐந்து ஆண்டு. ஹரியானாவில் பிஞ்ஜோர் முதலிய இடங்களில் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள் என்றாலும், இத்தகைய நிதானமான இனம் பழைய தொகையை எட்டப் பல தலைமுறை பிடிக்கும். ஆகவே புலியோ சிறுத்தையோ உங்கள் மாட்டை அடித்தால், ஆத்திரத்தில் எஞ்சிய உடலில் நஞ்சு வைத்துவிடாதீர்கள். புலி வராவிட்டாலும் பாறு வந்துவிடும், ஒரே சடலத்தில் ஒரு கூட்டமே மடியும். வனத்துறையில் எழுதிக்கொடுத்து நஷ்ட ஈடு பெறலாம். வலிநிவாரணி ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு தானாகவே இறந்து, போட்டது எந்த ஊசி என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மெலாக்சிகாம்தான் போட்டது என்று வைத்தியர் உறுதி சொன்னால், நோயும் தொற்றும் இல்லாத பட்சத்தில், உடலைத் திறந்தவெளியில் விடுவது பற்றி வனத்துறை ஊழியரைக் கேட்டுச் செய்யுங்கள்.