பலகையைப் படமெடுங்கள், புகாரைப் பிறகு எழுதுங்கள்

ஊராட்சி மன்றப் பணம் எங்கே போகிறது என்ற சந்தேகம் வந்தால், நம்மில் பலர் முதலில் செய்வது வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுவதுதான். மனப்பாரம் குறையும், ஆனால் எந்தக் கோப்பிலும் அது ஏறாது. எங்கள் குடியிருப்பில் நடந்த கால்வாய்ப் பழுதுபார்ப்பு வேலையைத் தொடர்ந்து கேள்வி கேட்டபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மன்றத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒன்று, அவ்வளவு போதும்.

வேலை தொடங்கும்போது சாலையோரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நடுவார்கள். வேலையின் பெயர், குத்தகையாளர், தொடங்கும் நாள், முடியும் நாள், சில பலகைகளில் தொகையும் இருக்கும். வேலை முடிந்ததும் முதலில் காணாமல் போவது அந்தப் பலகைதான். அதை அன்றே படமெடுத்து வையுங்கள். எங்கள் கால்வாயில் ஒரு பக்கம் மட்டும் சிமெண்டு மூடி போட்டிருந்தார்கள். மறுபக்கம் பழைய உடைந்த மூடிகள் அப்படியே கிடந்தன, ஒன்றின் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தோம். மூடி இல்லாத நீளம் எத்தனை மீட்டர் என்பது படத்திலேயே தெரிந்தது.

கடிதம் எழுத உட்கார்ந்தபோது உதவியவர், மன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டு அண்ணன். "கோவத்த வீட்டுலயே வெச்சிட்டு வா தம்பி. தேதி, அளவு, படம், அது போதும். திருடிட்டான்னு ஒரு வார்த்த எழுதுனா, கடுதாசி சட்டப் பிரிவுக்குப் போயிரும், அங்கயே கெடக்கும்" என்றார். அதனால் யாரையும் குற்றம் சாட்டாமல் கேள்விகளாகவே எழுதினோம். குத்தகையில் எத்தனை மூடிகள் இருந்தன? எத்தனைக்குப் பணம் கொடுக்கப்பட்டது? வேலை முடிந்தது என்று கையெழுத்திட்ட அதிகாரி எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்? "கால்வாய் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் "திண்டாக்கான் தெலா டியம்பில்", நடவடிக்கை எடுக்கப்பட்டது, என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எண்ணைக் கேட்டால் எண்ணைத்தான் பதிலாகத் தர வேண்டும்.

கடிதத்தின் நகலின் முகப்பில் "டித்தெரிமா", பெறப்பட்டது, என்ற முத்திரை குத்தி வாங்குங்கள்; தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும் அவர்கள் முதலில் கேட்பது அந்த நகலைத்தான்.

கிள்ளானில் 2006இல் வெடித்த விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். துறைமுகத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரும் கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினருமான சக்காரியா முகமட் டெரோஸ், பண்டமாரானில் வரைபட அங்கீகாரம் இல்லாமல் மாளிகை எழுப்பினார் என்பதும், தம் பழைய வீட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மதிப்பீட்டு வரி கட்டவில்லை என்பதும் வெளியே வந்தன. அவருடைய மகனும் மருமகளும்கூட அதே கழகத்தில் உறுப்பினர்கள். கடைசியில் அவர்கள் பதவி விலக வேண்டியதாயிற்று. அந்த விவகாரத்தின் முதுகெலும்பு ரகசிய ஆவணம் எதுவுமல்ல. கட்டட வரைபடம், வரிப் பதிவு என்று நமக்கெல்லாம் இருக்கும் சாதாரணக் காகிதங்கள்தான்.

அன்று இல்லாத ஒரு வசதி இன்று சிலாங்கூரில் இருக்கிறது. 2011இல் மாநிலச் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலத் துறைகளோடு ஊராட்சி மன்றங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வோர் இடத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், அவரிடம் மனு கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மனுவில் காரணம் எழுதச் சொல்வார்கள், சொன்ன நோக்கத்திற்கு மாறாகத் தகவலைப் பயன்படுத்துவது குற்றம். "சொந்தப் பார்வைக்கு" என்று எழுதிவிட்டுப் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். குடியிருப்பாளர்களோடு பகிரவும் மேல் முறையிடவும் வேண்டுமென்றால் அதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மன்றத்தின் முழுக் கூட்டத்திற்கும் போகலாம். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, மன்றமே தீர்மானம் போட்டுத் தடுத்தாலொழிய, கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. மக்கள் வந்து உட்காருகிறார்கள் என்றாலே பேச்சில் ஒரு கவனம் வருகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர்களுக்கு இதே வழியைச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கிவிடலாம், ஆனால் அங்கே சிலாங்கூர்ச் சட்டம் செல்லாது. கூட்டரசு அளவில் தகவல் சட்டம் இன்றி இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன. 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தோடு, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றமும் கோலாலம்பூருக்கு இல்லாமல் போனது. அதிகாரம் நியமனம் பெற்ற டத்தோ பண்டார் ஒருவரிடம் குவிந்திருக்கிறது. அதன் விளைவைத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் அனுபவித்தார்கள். ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்ட மாநகர மன்றம் 2017இல் அனுமதி கொடுத்தது. திட்டத்தில் பங்கு கொண்ட அறக்கட்டளையின் அறங்காவலர்களில் அதே டத்தோ பண்டாரும் ஒருவர். மக்கள் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் வென்று, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். பூங்கா நிலமும் பொதுச் சொத்துதான். அதைக் காக்க மக்கள் தங்கள் கைப்பணத்தைச் செலவழித்து ஆறு ஆண்டுகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது நியாயமே இல்லை.

கையூட்டு நடந்தது உங்களுக்கே தெரியும் என்றால் மன்றத்தின் புகார்ப் பிரிவு அதற்கான இடமல்ல. நேரே ஊழல் தடுப்பு ஆணையத்திடம் போங்கள். அலுவலகத்துக்குள் வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் சொல்பவருக்குத்தான் கேடயம். ஆவணத்தைப் பத்திரிகையாளர் சந்திப்பில் காட்டினால் அந்தக் கேடயம் கிடையாது. தேசிய மாட்டுப் பண்ணை விவகாரத்தில் வங்கி விவரங்களை 2012இல் வெளியிட்ட அரசியல்வாதி ரஃபிசி ரம்லிக்கு 2018இல் முப்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டில்தான் விடுதலையானார். அரசியல்வாதிக்குப் பின்னால் கட்சியும் வழக்கறிஞர்களும் இருப்பார்கள். மன்றத்தில் வேலை செய்யும் குமாஸ்தாவுக்கு யார் இருக்கிறார்கள்?

அதே மாட்டுப் பண்ணை விவகாரம் தொடங்கிய இடத்தையும் பாருங்கள். 25 கோடி ரிங்கிட் அரசாங்கக் கடனில் நடந்த அந்தத் திட்டத்தின் கோளாற்றை முதலில் எழுதியது 2010ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை. எல்லாருக்கும் திறந்திருக்கும் ஆவணம் அது. உங்கள் மன்றத்தின் பெயர் அதில் வந்திருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். வந்திருந்தால் பக்க எண்ணோடு கடிதத்தில் சேருங்கள். தணிக்கையாளர் கேட்ட கேள்வியையே நாமும் கேட்கும்போது, "உங்களுக்கு விவரம் தெரியாது" என்று அதிகாரிகளால் நம்மை அனுப்பிவிட முடியாது.

எங்கள் கால்வாயின் மறுபக்கத்துக்கும் மூடிகள் வந்துவிட்டன. பிள்ளைகள் பள்ளிக்கு அந்த வழியாகவே நடக்கிறார்கள். முதல் தடவை எத்தனை மூடிகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. முத்திரை குத்திய நகல்களையும் படங்களையும் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, சட்டமன்றத்தில் எழுத்துபூர்வக் கேள்வியாகக் கேட்கச் சொல்லியிருக்கிறோம்.