நடைபாலம் சீரமைக்கப் போகிறீர்களா?

புயல் மழை ஓய்ந்ததும் மலைக்கிராமத்தை வெளியுலகோடு இணைப்பது ஓடையின் குறுக்கே கிடக்கும் மரப்பாலம்தான். பள்ளிப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் நம்பியிருக்கும் வழி அது. ஊர்கூடிச் சரிசெய்யும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• ஊராட்சிக்குத் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி அவசியம்.

• வெள்ளம் வடியுமுன் இறங்காதீர்கள். முழங்காலளவு நீரும் வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். ஓடையின் மேல்பக்கம் ஒருவரைக் காவல் நிறுத்துங்கள். தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் எல்லோரும் உடனே கரையேற வேண்டும்.

• மின்கம்பி அறுந்து கிடந்தால் நெருங்காமல் தமிழ்நாடு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தை (94987 94987) அழையுங்கள்.

• பலகையைப் பார்க்குமுன் கரையைப் பாருங்கள். பாலத்தைத் தாங்கும் கற்கட்டின் அடியில் மண் அரித்திருந்தால் பொறியாளர் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

• மரத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். பலகை நுனியையும் ஆணி அடித்த இடங்களையும் தவறாமல் சோதியுங்கள்.

• உத்தரங்களை ஆணியால் அல்ல, போல்ட், நட்டு, வாஷர் போட்டு முடுக்குங்கள். பலகைகளுக்கிடையே சிறு இடைவெளி விட்டால் தண்ணீர் தேங்காது. மேலே கோழிவலை அடித்தால் கால் வழுக்காது.

• ஆட்களை ஏற்றுமுன் மணல் மூட்டைகளை அடுக்கிப் பளு தாங்குகிறதா என்று பாருங்கள்.

இது தற்காலிக ஏற்பாடுதான். அடுத்த கிராம சபையில் நிரந்தரப் பாலம் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அது உங்கள் ஊரின் உரிமை.