பட்டி பார்ப்போம்: பலகைச் சுவரில் திருகாணித் துளைகளை மூடும் முறை

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் எழுதிப் பழகிய இப்பழமொழியின் பொருளை, கேலாங்கில் நான் குடியிருந்த வாடகை அறையின் சுவர்தான் எனக்கு விளங்க வைத்தது.

அது பழைய கடைவீடு. வெளிச்சுவர் செங்கல், அறைத் தடுப்புகளோ ஜிப்சம் பலகை. தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை வைத்துச் செய்யும் பலகைக்கு 1894இல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை பெற்றார். இன்றைய பலகை அதன் வழிவந்ததே. இதன் வலுவில் பெரும்பங்கு மேல்தாளில்தான் இருக்கிறது. தாள் கிழிந்தால் உள்ளிருக்கும் ஜிப்சம் மாவாக உதிரும்.

புத்தக அடுக்குக்காக நான் எட்டுத் திருகாணிகள் அடித்திருந்தேன். காலி செய்யும்போது, துளைகள் மறைந்தால்தான் ஒரு மாத வாடகையான முன்பணம் திரும்பும் என்றார் வீட்டுக்காரர். பட்டியை வாங்கி, ஒரே இரவில் அப்பி முடித்தேன். இரண்டு நாளில் எட்டு இடமும் குழிந்துவிட்டன. பக்கத்து அறையில் இருந்த புதுக்கோட்டை அண்ணன் கட்டுமானத் தொழிலாளி. பார்த்துவிட்டுச் சிரித்தார்: “தம்பி, ஓட்டைய ரொப்புனா போதாது. பட்டி பாக்கணும்.”

அவர் காட்டிய முறை இதுதான்:

1. முதலில் துளையைச் சுத்தம் செய்க. பிளாஸ்டிக் செருகி இருந்தால் கழற்றுக. பிய்ந்து நிற்கும் தாளைக் கத்தியால் வெட்டி, புடைத்த விளிம்பை மெல்ல உள்ளே அமுக்குக.

2. பலகையைத் தாங்கும் திருகாணியாக இருந்தால் அதன் தலை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். ஆனால் தாளைக் கிழிக்கக் கூடாது. ஆடும் திருகாணியின் மேல் பட்டி பூசினால் அது மீண்டும் துருத்தும். அருகில் புதிய திருகாணி போட்டுப் பலகையை இறுக்கிய பிறகே பழையதைக் கழற்றுக.

3. மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசுக. முதல் பூச்சு குழியை நிரப்ப. அடுத்த இரண்டும் ஒன்றைவிட ஒன்று அகலமாக, ஓரம் தெரியாமல் கரைய. பட்டியிலுள்ள நீர் ஆவியாகும்போது அது சுருங்கும். நான் ஒரே தடவையில் அப்பியது குழிந்ததற்குக் காரணம் இதுவே.

4. ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய வேண்டும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் கலந்து விற்கப்படும் பட்டிக்கு ஒரு நாள் விடுவது நல்லது. மழை நாளில் இன்னும் கூடும். விசிறி உதவும்.

5. நயமான உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். சுற்றியுள்ள தாளைச் சுரண்டிவிடாதீர்கள். தூசு நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் அணிக.

6. கைவிளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மேடும் பள்ளமும் நிழலாய்த் தெரியும். பிறகு பிரைமர், அதன்மேல் சாயம். பிரைமர் இல்லாவிட்டால் பட்டி சாயத்தை வேறுவிதமாய் உறிஞ்சி, திட்டுத்திட்டாகக் காட்டிவிடும்.

எல்லாம் முடிய ஐந்து நாள்கள் ஆயின. முன்பணம் கிடைத்தது.

நண்பர்களே, இதில் எனக்குச் சிறு வெட்கமும் உண்டு. தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்த எனக்கு ‘கெர்த்தாஸ் பாசிர்’ தெரியும்; உப்புத்தாள் தெரியாது. ‘பட்டி’ என்றால் மாட்டுப்பட்டிதான் நினைவுக்கு வரும். கலைச்சொல் இல்லையே என்று நம் கூட்டங்களில் கவலைப்படுகிறோம். தமிழ் பேசிக்கொண்டே சுவர் எழுப்பும் தொழிலாளர்களோ அச்சொற்களை நாள்தோறும் புழங்குகிறார்கள். அடுத்த முறை அவர்களைச் சந்தித்தால், கையில் இருப்பதன் பெயரைக் கேளுங்கள். குறித்து வையுங்கள். நம் அகராதியில் உள்ள ஓட்டைகளுக்கும் பட்டி பார்க்க வேண்டியிருக்கிறது.