முள் குத்திய இடத்தில் வேலை மாற்றும் செல்கள்

வகுப்பு: 10. பாடப்பொருள்: இரத்த வெள்ளையணுக்கள்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கி.மீ. கிரிவலப் பாதையைப் பலர் செருப்பின்றி நடக்கின்றனர். மறுநாள் வகுப்பில், "முள் குத்திய இடம் ஏன் சிவந்து வீங்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "கிருமி போயிடுச்சு சார்" என்பார்கள். பாதி பதில்தான் அது. சிவப்பும் வீக்கமும் நம் உடலே செய்யும் வேலை.

1882-இல் ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப், இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திர மீன் இளவுயிரியில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. செல்விழுங்கல் பற்றிய இந்த ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசைப் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார்.

நம் காலில் நடப்பது இதுதான்:

1. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் வந்து கிருமிகளைக் கொன்று, தாமும் மடிகின்றன. சீழில் பெரும்பகுதி இவையே.
2. அடுத்து இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் திசுவுக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜ்களாக மாறுகின்றன. முதலில் இவை வீக்கத்தைத் தூண்டும் 'அழிக்கும்' நிலையில் இருக்கும்.
3. மடிந்த நியூட்ரோஃபில்களை விழுங்கியதும் அதே மேக்ரோஃபேஜ்கள் 'கட்டும்' நிலைக்கு மாறத் தொடங்குகின்றன. வீக்கத்தைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. புதிய திசு வளர்கிறது.

இவை இரண்டு தனிப் பெட்டிகள் அல்ல. இடைநிலைகளும் உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

செயல்பாடு (15 நிமிடம்): ஐந்து மாணவர்கள் நியூட்ரோஃபில்கள், ஆளுக்கு ஒரு வெள்ளைச் சீட்டு. மூவர் மேக்ரோஃபேஜ்கள், இவர்கள் கழுத்தில் ஒருபுறம் சிவப்பில் 'அழி', மறுபுறம் பச்சையில் 'கட்டு' என்று எழுதிய அட்டை. 'மடிந்த' நியூட்ரோஃபில்களின் சீட்டுகளை வாங்கிய பின்பே அட்டையைத் திருப்ப வேண்டும். அடுத்த சுற்றில் ஒருவரையும் திருப்ப விடாதீர்கள். "புண் என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

"ஆறாது" என்ற பதில் வரும். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத காற்புண்ணில் நடப்பது இதுவே: பல மேக்ரோஃபேஜ்கள் 'அழி' நிலையிலேயே தங்கிவிடுகின்றன. கால் மரத்துப்போவதும் இரத்த ஓட்டம் குறைவதும் சேர்ந்தால், சிறு முள்ளும் விரலை எடுக்கும் நிலைவரை கொண்டுபோகலாம்.

வீட்டுப்பணி: வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருந்தால், இன்றிரவு அவர் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். புண் இருந்தால் சாணமோ காப்பித்தூளோ வைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லட்டும்.

மதிப்பீடு: வீக்கமே வராத உடலில் முள் குத்தினால் என்ன ஆகும்? காரணத்துடன் எழுதுக.