வேலைக் கணக்கைத் தணிக்கை செய்யப் போகிறவருக்கு

'இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை தருவோம்' என்று எழுதிக் கொடுத்து ஒரு நிறுவனம் அரசிடம் வரிச்சலுகை வாங்குகிறது. சில வருடம் கழித்து, அந்த வேலைகள் வந்தனவா என்று பார்க்கும் பொறுப்பு உங்களிடம் வருகிறது. தணிக்கைக்குப் புதிதாக வந்தவர்கள் நேராக ஆள் எண்ணக் கிளம்பிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு நாள் ஒப்பந்தத்தோடு உட்காருங்கள். 'வேலை' என்று அதில் எதைச் சொல்கிறார்கள்? முழுநேரமா, பகுதிநேரமா? குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு? வேலை நடக்கும் இடம் எது?

அந்தக் கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2017-இல் ஃபாக்ஸ்கானோடு ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கிறதே, அதே ஃபாக்ஸ்கான்தான். 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்பது நிறுவனத்தின் வாக்கு. பதிலுக்கு மாநிலம் தர ஒப்புக்கொண்டது 285 கோடி டாலர் வரையிலான வரிச்சலுகை. அதைக் கையாள்வது மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக் கழகம். சட்டமன்றத்தின் தணிக்கைப் பிரிவு 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், கழகத்தின் எழுத்துபூர்வ நடைமுறைகளை வரிவரியாக ஆராய்ந்திருந்தது. மாநிலத்துக்கு வெளியே வேலை பார்ப்பவரின் சம்பளத்துக்கும் சலுகை கொடுக்க அவை இடம் தந்தன! ஃபாக்ஸ்கானுக்கு அதுவரை சலுகை எதுவும் போயிருக்கவில்லை. கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பெரிய போராட்டம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே பணம் போகும் முன்பே நடைமுறையைத் தணிக்கை செய்ய வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது ஆதாரம். நிறுவனம் தானே அனுப்பும் அறிக்கை வெறும் கோரிக்கைதான். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. சம்பளப் பட்டியலைக் கேளுங்கள். சேர்ந்த தேதி, வேலை இடம், வேலை நேரம், கொடுத்த சம்பளம் நான்கையும் சில பெயர்களுக்காவது முழுமையாகச் சரிபாருங்கள். டிசம்பர் 31 அன்று எத்தனை பேர் என்பது மட்டும் போதாது. ஆள் எப்போது சேர்ந்தார், அடுத்த மார்ச்சில் இருந்தாரா என்றும் பாருங்கள். பிறகு நிறுவனத்தின் கை படாத இன்னொரு பதிவோடு, அல்லது வேறொரு காரணத்துக்காக அது அரசிடம் தாக்கல் செய்த கணக்கோடு ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீட்டுக்காகக் காலாண்டுதோறும் தரும் சம்பளக் கணக்கு இருக்கிறது. நம் ஊரில் பிஎஃப், இஎஸ்ஐ பதிவுகள்.

ஃபாக்ஸ்கான் 2019 முடிவில் குறைந்தது 520 பேரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும். கழகம் சரிபார்த்தபோது தகுதியானவர்கள் 281 பேர்தான். ஒப்பந்தத்தில் சொன்ன வகை ஆலையும் அங்கே எழவில்லை. 2020 அக்டோபரில் சலுகை மறுக்கப்பட்டது. 2021-இல் புதிய ஒப்பந்தம் வந்தது: 1,454 வேலை, அதிகபட்சம் 8 கோடி டாலர். தெளிவான வரையறையும் சரிபார்த்த எண்ணும் கையில் இருந்ததால்தான் மாநிலத்தால் 'முடியாது' என்று சொல்ல முடிந்தது.

'வணிக ரகசியம்' என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். பதறாமல், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். தொழிலாளியின் பெயரும் சம்பளமும் காக்கப்பட வேண்டியவை. எந்த நிறுவனம் எவ்வளவு சலுகை வாங்கியது, எத்தனை வேலை தந்தது என்பது வரி கட்டுகிறவர் அறிய வேண்டியது.

குறை எழுதும்போது அமெரிக்க அரசுத் தணிக்கையாளர்கள் 'மஞ்சள் புத்தகம்' என்று சொல்லும் விதிநூலின் வரிசை உதவும்: விதி என்ன, நடந்தது என்ன, ஏன் நடந்தது, விளைவு என்ன. 'ஏன்' இல்லாத குறிப்புக்கு 'இனி கவனமாக இருப்போம்' என்று பதில் வரும், கோப்பு மூடப்படும்.

அறிக்கை கொடுத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விஸ்கான்சின் கழகம் உதவி வாங்கியவர்களிடம் வேலைக்கான ஆதாரம் கேட்கவில்லை என்று 2015-இல் தணிக்கைப் பிரிவு எழுதியது. 2017-இலும், உருவான வேலைகளின் எண்ணிக்கையைக் கழகத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றே எழுத நேர்ந்தது. அடுத்த முறை அந்த அலுவலகத்துக்குப் போகும்போது உங்கள் பழைய அறிக்கையையும் எடுத்துப் போங்கள். முதல் கேள்வி அதிலிருந்து இருக்கட்டும்.